ஒரு மேயருக்கு நான்கு தேர்தல்: ஹார்ட்ஃபோர்டில் ஆட்சி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கனெக்டிகட் மாநில ஆளுநர் நெட் லமான்ட், மாநிலச் செயலர் ஸ்டெஃபனி தாமஸ், சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள், மாநிலத் தேர்தல் அமலாக்க ஆணையத்தினர் ஆகியோருக்கு,



பிரிட்ஜ்போர்ட் நகரத்துக்கு ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்க நான்கு முறை தேர்தல் நடந்தது. 2023 செப்டம்பர் 12 அன்று ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல். நவம்பர் 7 அன்று பொதுத்தேர்தல். 2024 ஜனவரி 23 அன்று மறுபடி பிரைமரி. பிப்ரவரி 27 அன்று மறுபடி பொதுத்தேர்தல். ஐந்தரை மாதத்துக்குள் ஒரே பதவிக்காக அந்த மக்கள் நான்கு முறை வாக்குச்சாவடிக்கு அழைக்கப்பட்டார்கள். இது ஏன் நேர்ந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்படி நேரக்கூடும் என்பதற்கான அறிகுறி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் ஏன் தடுக்கப்படவில்லை என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் குடியிருந்து, வரி கட்டி, வாக்களிக்கும் தமிழன் நான். பிரிட்ஜ்போர்ட்டில் எனக்கு வாக்கு இல்லை. ஆனால் அந்த நகரத்து வாக்காளரின் சீட்டைக் காக்கும் சட்டமும் என் சீட்டைக் காக்கும் சட்டமும் ஒன்றுதான்; அதை எழுதுகிறவர்கள் நீங்கள்தான். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. குடியுரிமை பெற்று, முதன்முதலாகத் தபால் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கும் தமிழர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். “கொடுங்கள், நான் போய்ச் சேர்த்துவிடுகிறேன்” என்று வாசலில் வந்து நிற்பவரிடம் அந்த உறையைக் கொடுக்கலாமா, கூடாதா என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அவர்களுக்காக ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். பிரிட்ஜ்போர்ட்தான் கனெக்டிகட்டின் மிகப் பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பில் 1,48,654 பேர். ஒரு காலத்தில் தோட்டாக்களும் தையல் இயந்திரங்களும் செய்து குவித்த தொழில்நகரம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1991-ல் நகர நிர்வாகமே திவால் மனு போடும் நிலைக்கு வந்தது. சுற்றிலும் அமெரிக்காவின் பெரும் செல்வந்தர்கள் வாழும் ஊர்கள். நடுவில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் பெரும்பான்மையாக வாழும் இந்த உழைப்பாளிகளின் நகரம். இங்கே ஜனநாயகக் கட்சியின் கை ஓங்கியே இருக்கும் என்பதால் பொதுத்தேர்தலில் போட்டி குறைவு. பிரைமரியில் வென்றவரே வழக்கமாக மேயர் ஆவார். அந்தப் பிரைமரியில் 2023-ல் பதிவான வாக்குகள் எட்டாயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் நகரத்தின் நான்கு ஆண்டு நிர்வாகத்தை எட்டாயிரம் பேர் முடிவு செய்யும்போது, ஒவ்வொரு நூறு வாக்குக்கும் எத்தனை எடை கூடிவிடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பதவியில் இருந்தவர் ஜோ கேனிம். 1991 முதல் 2003 வரை மேயராக இருந்து, ஊழல் வழக்கில் 16 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் சிறையில் கழித்தவர். வெளியே வந்து, மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, 2015-ல் மறுபடியும் மேயரானார். மக்கள் மன்னித்தார்கள். அது அவர்களுடைய உரிமை. அதை நான் குறை சொல்லவில்லை. 2023-ல் அவரை எதிர்த்து நின்ற ஜான் கோம்ஸ், கேப் வெர்டே தீவிலிருந்து குடியேறியவர், கேனிமின் நிர்வாகத்திலேயே உயர்பொறுப்பில் இருந்தவர். செப்டம்பர் 12 இரவு, நேரில் வந்து போட்ட வாக்குகளை எண்ணியபோது கோம்ஸ் முன்னணியில் இருந்தார். தபால் வாக்குகள் சேர்ந்ததும் கேனிம் 251 வாக்கில் முந்தினார். தபாலில் மட்டும் அவருக்குக் கிடைத்தது கோம்ஸுக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

ஒரு வேட்பாளருக்குத் தபால் வாக்கு அதிகம் விழுவதில் தவறு எதுவும் இல்லை. கட்டுக்கோப்பாக வேலை செய்யும் கட்சிக்காரர்கள் முதியவர்களைத் தேடிப்போய் விண்ணப்பம் கொடுத்து, வாக்களிக்க ஊக்குவிக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் சில நாட்களிலேயே ஒரு வீடியோ வெளிவந்தது. நகர அரசு அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, தபால் வாக்குகளைப் போடுவதற்கான டிராப் பாக்ஸ் நிற்கிறது. அதிகாலை. ஒரு பெண்மணி பெட்டியருகே வருகிறார். கையில் இருக்கும் தாள்கட்டைப் பெட்டியின் வாய்க்குள் செருகுகிறார். அவர் நகர அரசின் ஊழியர் என்றும், கட்சியின் நகரக் குழுவில் துணைத்தலைவர் என்றும், மேயரின் ஆதரவாளர் என்றும் தெரிய வந்தது. கனெக்டிகட் சட்டப்படி உங்கள் சீட்டை நீங்கள் போடலாம். நெருங்கிய குடும்பத்தினர் போடலாம். உடல்நலமில்லாதவருக்காகப் பராமரிப்பவர் போன்ற, சட்டம் வரையறுத்த சிலர் போடலாம். அக்கம்பக்கத்து வீடுகளில் சேகரித்துக் கட்டாகக் கொண்டுவந்து போட யாருக்கும் அனுமதி இல்லை.

அந்தக் காட்சி நகரின் பாதுகாப்புக் கேமராவில் பதிவானது. அதை வெளியிட்டது தோற்ற வேட்பாளரின் தரப்பு. அது எப்படி வெளியே போனது என்றும் காவல்துறை விசாரித்தது. அதாவது, உங்கள் தேர்தல் அமைப்புக்குள் இருந்த எந்தச் சோதனையும் இந்த முறைகேட்டைப் பிடிக்கவில்லை. கட்டடத்தில் கேமரா இல்லாதிருந்தால், அல்லது காட்சி வெளிவராதிருந்தால், 251 வாக்கு வித்தியாசம் அப்படியே வரலாற்றில் பதிவாகியிருக்கும். இதை நினைத்தால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

கோம்ஸ் தொடுத்த வழக்கு நீதிபதி வில்லியம் கிளார்க் முன் வந்தது. மணிக்கணக்கான காட்சிப் பதிவுகள் சாட்சியமாக வைக்கப்பட்டன. காட்சியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சட்ட உரிமையைக் காட்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நீதிபதி தீர்ப்பளித்தார். முறையற்றுக் கையாளப்பட்ட சீட்டுகளின் அளவைப் பார்க்கும்போது, உண்மையில் யார் வென்றார் என்று நீதிமன்றத்தால் சொல்ல முடியவில்லை. எனவே பிரைமரியை மறுபடி நடத்த வேண்டும். இதைச் செய்யச் சொன்னவர் மேயர் என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. தமக்கு இதில் பங்கில்லை என்று கேனிமும் சொன்னார். அதை நான் அப்படியே பதிவு செய்கிறேன்.

ஏன் மறுதேர்தல்? சந்தேகத்துக்குரிய சீட்டுகளை மட்டும் விலக்கிவிட்டு எண்ணக் கூடாதா என்று பலர் கேட்டார்கள். முடியாது. கனெக்டிகட்டில் தபால் வாக்குச்சீட்டு இரண்டு உறைகளுக்குள் பயணம் செய்கிறது. வாக்காளர் சீட்டை நிரப்பி உள் உறையில் வைத்து, அந்த உறையின் மேல் கையெழுத்திடுகிறார். உள் உறை வெளி உறைக்குள் போகிறது. எண்ணும் நாளில் உறைகளைச் சரிபார்த்துப் பிரித்து, சீட்டை வெளியே எடுத்து மற்றச் சீட்டுகளோடு கலந்துவிடுகிறார்கள். கலந்த பிறகு, இது யார் போட்ட சீட்டு என்று எந்த நீதிபதியாலும் சொல்ல இயலாது. ரகசிய வாக்கு என்பதே அதுதான். அதை நாம் இழக்கவும் கூடாது. ஆகவே வாக்காளரின் சமையலறை மேசையில் தொடங்கி எண்ணும் மேசை வரையிலான அந்தச் சிறு பயணத்தில் சீட்டைக் காக்கத் தவறினால், பிறகு எத்தனை முறை எண்ணினாலும் பயன் இல்லை. பாலில் தண்ணீர் கலந்த பிறகு எந்தச் சொட்டு எது என்று பிரிக்க முடியுமா?

தீர்ப்பு வந்தபோது பொதுத்தேர்தலுக்கு ஆறு நாட்களே இருந்தன. சீட்டுகள் அச்சாகிவிட்டன, தபாலில் பலர் வாக்களித்தும் விட்டார்கள். எனவே நவம்பர் 7 தேர்தல் திட்டமிட்டபடி நடந்தது. வேறொரு கட்சியின் வேட்பாளராகக் கோம்ஸ் அதிலும் போட்டியிட்டார். கேனிம் 179 வாக்கு முன்னணி பெற்றார். ஆனால் பிரைமரியே செல்லாது என்றான பிறகு அந்த முன்னணிக்குப் பொருள் இல்லாமல் போனது. இரண்டு வேலை பார்த்துவிட்டு மாலையில் வரிசையில் வந்து நின்ற ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் போடும் வாக்கு கணக்கில் வருமா வராதா என்று அவருக்கும் தெரியாது, சாவடி அதிகாரிக்கும் தெரியாது. அப்படியும் ஆயிரக்கணக்கானோர் வந்து வாக்களித்தார்கள். அந்த மக்களின் பொறுமைக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்த மறுதேர்தல்களில் கேனிம் தெளிவாக வென்றார். “கடைசியில் அவரேதானே வந்தார், இத்தனை ஆரவாரம் எதற்கு?” என்று கேட்பவர்களைத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டிலும் காண முடிகிறது. அவர்களுக்கு என் பதில்: வென்றவர், தம் வெற்றி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்லிக்கொள்ளவும் இந்த மறுதேர்தல் தேவைப்பட்டது. முறையாக வென்றிருக்கக்கூடிய ஒருவரின் வெற்றியையும் முறைகேடு களங்கப்படுத்திவிடும். தோற்றவருக்கு மட்டும் இழைத்த அநீதி என்று இதைக் குறுக்குவது தவறு.

இனி நான் உண்மையில் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். இது 2023-ல் திடீரென்று முளைத்தது இல்லை. 2019 பிரைமரியில் மாநில செனட்டர் மேரிலின் மூர், கேனிமை எதிர்த்து நின்றார். நேரில் போட்ட வாக்குகளில் மூர் முன்னணி. தபால் வாக்குகள் எண்ணப்பட்டதும் நிலைமை மாறி, கேனிம் 270 வாக்கில் வென்றார். 270, பிறகு 251. இரண்டு தேர்தலிலும் ஒரே கதை. அப்போதும் வழக்குப் போட்டார்கள். போதிய சான்று இல்லை என்று நீதிமன்றம் தள்ளியது. ஆனால் புகார்கள் மாநிலத் தேர்தல் அமலாக்க ஆணையத்தின் முன் இருந்தன. ஆணையம் விசாரித்து, பிரசாரத்தில் வேலை செய்த மூவர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கலாம் என்று தலைமை அரசு வழக்கறிஞருக்குப் பரிந்துரைத்தது 2023 ஜூனில். பிரைமரி நடந்தது 2019 செப்டம்பரில். இடையில் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. அடுத்த பிரைமரிக்கு மூன்று மாதமே மீதி.

அந்த மூவரில் ஒருவர், பின்னர் டிராப் பாக்ஸ் வீடியோவில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் அதே பெண்மணி. 2019 விவகாரத்தில் அவர் உட்பட நால்வர் மீது முறையாகக் குற்றச்சாட்டு பதிவானது 2024 ஜூனில். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை யாரும் நிரபராதியே. தண்டனை தருவது என் வேலையில்லை. 2023 தேர்தல் தொடர்பாக, நகரமன்றத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட மேலும் சிலர் மீது 2025-ல் வழக்குப் பதிவானது. ஆனால் ஒரு தேர்தலின் புகாரை அடுத்த தேர்தலும் முடிந்த பிறகு விசாரணைக்குக் கொண்டுவரும் அமைப்பு யாரைத் தடுக்கும்? ஐந்து ஆண்டு கழித்து வரும் நடவடிக்கைக்கு இன்று யாரும் அஞ்சப் போவதில்லை. 2019 புகாரை 2020-லோ 2021-லோ முடித்திருந்தால், 2023 செப்டம்பரில் அந்த அதிகாலைக் காட்சிக்கு இடமே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆணையத்துக்கு ஆள் போதாது, பணம் போதாது என்பது நீண்டகாலக் குறை. ஆணையத்துக்குப் பணம் ஒதுக்குவது யார்? நீங்கள்தான்.

பிரிட்ஜ்போர்ட்டின் தேர்தல் நிர்வாகம் தடுமாறுவதும் புதிதில்லை. 2010 ஆளுநர் தேர்தலில், ஏறக்குறைய 69,000 வாக்காளர்கள் உள்ள நகரத்துக்கு 21,000 சீட்டுகள் மட்டுமே அச்சடித்தார்கள். சாவடிகளில் சீட்டு தீர்ந்துபோய், நகல் எடுத்த தாள்களில் மக்கள் வாக்களித்தார்கள். நீதிமன்ற உத்தரவின்பேரில் வாக்களிக்கும் நேரம் நீட்டிக்கப்பட்டது. பணக்கார ஊர்களில் இப்படி நடந்திருந்தால் அடுத்த வாரமே சட்டம் திருத்தப்பட்டிருக்கும். பிரிட்ஜ்போர்ட் என்றால், “அந்த ஊர் அப்படித்தான்” என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் தலைநகரில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை விடுங்கள். அங்கே வாழ்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, ஏமாற்றப்பட்டவர்கள்.

யாரை ஏமாற்றினார்கள் என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். அரசு உதவி பெறும் முதியோர் குடியிருப்பு ஒன்று. படியேற முடியாத, கார் ஓட்ட முடியாத, ஆங்கிலம் சரளமாக வராத பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். தேர்தலுக்குச் சில வாரம் முன் கட்சிக்காரர் வந்து தபால் வாக்கு விண்ணப்பத்தை நீட்டுகிறார், நிரப்ப உதவுகிறார். யாருக்கு எப்போது சீட்டு அனுப்பப்பட்டது என்ற பட்டியல் பிரசாரக் குழுக்களின் கைக்கு எட்டும். சீட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே கதவு மறுபடி தட்டப்படுகிறது. தெரிந்த முகம், நகர அலுவலகத்தில் பார்த்த முகம், வீட்டு வாடகை உதவியோ, மின்கட்டணச் சலுகையோ வேண்டுமென்றால் நாளை இவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று பாட்டிக்கு ஒரு நினைப்பு. வாக்காளர் சீட்டை நிரப்பும்போது கட்சிக்காரர் அருகில் இருக்கவே கூடாது என்று உங்கள் சட்டம் சொல்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் அந்தச் சட்டத்தை நினைவூட்ட யார் இருக்கிறார்கள்? சீட்டு எந்தப் பெயருக்கு நிரப்பப்பட்டது, உறை பெட்டியில் போய்ச் சேர்ந்ததா, வழியில் தங்கியதா என்று பாட்டிக்குத் தெரியப் போவதில்லை.

இதற்கான மருந்து உங்கள் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. முதியோர் மருத்துவ இல்லங்களில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட பதிவு பெற்ற வாக்காளர்கள் இருந்தால், தேர்தல் பதிவு அதிகாரிகள் இரு கட்சி சார்பிலும் நேரில் போய், தம் கண்முன் வாக்களிக்கச் செய்து, சீட்டுகளைத் தாமே எடுத்துவரும் மேற்பார்வை வாக்குமுறை ஏற்கெனவே நடக்கிறது. அதை அரசு உதவி பெறும் முதியோர் குடியிருப்புகளுக்கும் விரிவாக்குங்கள். அறிவிக்கப்பட்ட நாளில் அதிகாரிகள் வரட்டும்; கீழ்த்தள மண்டபத்தில் மேசை போடட்டும்; நடக்க முடியாதவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். கட்சிக்காரரின் தேவையே அங்கே இல்லாமல் போகும். இந்த மடலில் நான் கேட்பவற்றில் இதை முதலாவதாக வைக்கிறேன்.

அடுத்து, நகர அரசில் சம்பளம் வாங்குபவர் வேட்பாளருக்காகத் தபால் வாக்கு விண்ணப்பங்களை வினியோகிப்பதோ சேகரிப்பதோ கூடாது என்று சட்டம் கொண்டுவாருங்கள். மேயரின் கையில் வேலை; வேலை செய்பவரின் கையில் வாக்காளரின் உறை. இந்தச் சங்கிலி ஒரே கட்சி ஓங்கிய ஊரில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்துவிட்டோம். பிரசார வேலை செய்ய ஊழியருக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. மேடையில் பேசட்டும், துண்டறிக்கை கொடுக்கட்டும். வாக்குச்சீட்டின் பக்கம் மட்டும் அவர் கை போகக் கூடாது.

டிராப் பாக்ஸ்களைக் கேமராவால் கண்காணிக்க வேண்டும் என்று 2024-ல் நீங்கள் இயற்றிய சட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் கேமரா, நடந்ததைக் காட்டும். நடப்பதைத் தடுக்க, அதைப் பார்க்கும் ஆள் வேண்டும். தேர்தல் காலத்தில் அந்தப் பதிவுகளை அன்றன்றே பார்வையிடும் பொறுப்பு யாருக்கு என்று எழுதப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு நகர நிர்வாகத்திடம் இருக்கக் கூடாது. மேயரே வேட்பாளராக நிற்கும் தேர்தலில் அவருக்குக் கீழ் வேலை செய்பவர் காவல் காப்பது யாருக்கும் நம்பிக்கை தராது. மாநிலச் செயலர் அலுவலகமே ஏற்கட்டும்.

இந்த வீடியோவை நாடு முழுவதும் பரப்பி, “பார்த்தீர்களா, தபால் வாக்கு என்றாலே மோசடி, 2020-லும் இதுதான் நடந்தது” என்று முழங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நகரத்தின் பிரைமரியில், சட்டத்தை மீறி உறைகள் கைமாறின என்பதே இங்கே பேசப்படுவது. அது கேமராவில் பிடிபட்டது, தோற்றவர் நீதிமன்றம் போனார், நீதிபதி சான்றுகளைப் பார்த்துத் தீர்ப்பைத் தந்தார். 2020 அதிபர் தேர்தலில் இப்படி ஒரு சான்றை நாடெங்கும் எந்த நீதிமன்றத்திலும் அவர்களால் வைக்க முடியவில்லை. பிரிட்ஜ்போர்ட்டில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் வாக்காளர்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்களுடைய காயத்தைக் காட்டி, நாளை அவர்களுடைய வாக்குரிமையையே பறிக்க வழி தேடுவது கொடுமை.

இந்த எச்சரிக்கையை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நீண்ட காலமாகக் கனெக்டிகட்டில் தபாலில் வாக்களிக்க நோய், உடல்குறைபாடு, ஊரில் இல்லாமை என்பன போன்ற ஆறு காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் மக்கள் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஆம் என்று வாக்களித்து, காரணம் கேட்காமல் தபால் வாக்குத் தர உங்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். பிரிட்ஜ்போர்ட் விவகாரம் அத்தனையையும் பார்த்த பிறகு அந்த மக்கள் எடுத்த முடிவு அது. பயந்துபோய்த் தபால் வாக்கை முடக்காதீர்கள். அந்தப் பாட்டிக்கு வேறு வழி இல்லை. வாக்குரிமையை விரிவாக்கும் ஒவ்வொரு வரிக்கும் அருகில், சீட்டைக் காக்கும் ஒரு வரியையும் எழுதுங்கள்.

2024 முதல் இந்த மாநிலத்தில் முன்கூட்டியே நேரில் வாக்களிக்கும் வசதி வந்திருக்கிறது. நல்ல காரியம். அதை முதியோர் வாழும் பகுதிகளுக்கு நடக்கும் தொலைவில் கொண்டுபோக வேண்டும். நகர அரசு அலுவலகத்தில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, பேருந்து வசதி இல்லாத மூலையில் இருப்பவரையும் வரச் சொல்வதில் பயன் இல்லை. எட்டாயிரம் பேர் வாக்களிக்கும் ஊரில் இருபதாயிரம் பேர் வாக்களித்தால், முந்நூறு உறைகளைச் சேகரித்துத் தேர்தலைத் திருப்பிவிடலாம் என்ற கணக்கே யாருக்கும் போடத் தோன்றாது.

தமிழ் வாசகர்களுக்கு: உங்கள் வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டை நீங்களே நிரப்புங்கள், நீங்களே கையெழுத்திடுங்கள், நீங்களோ சட்டம் அனுமதிக்கும் குடும்பத்தினரோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். உறையைக் கேட்டு வருபவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளரின் ஆளாகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள். வயதான அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆளுநர் அவர்களே, செயலர் அவர்களே, உறுப்பினர்களே! பிரிட்ஜ்போர்ட்டின் அடுத்த மேயர் பிரைமரி 2027 செப்டம்பரில். தேர்தல் புகார் எதுவாயினும் அடுத்த தேர்தலுக்கு முன் முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று கெடு விதித்து, அதற்கான விசாரணையாளர்களையும் பணத்தையும் ஆணையத்துக்குக் கொடுங்கள். முதியோர் குடியிருப்புகளுக்கு அதிகாரிகளை அனுப்புங்கள். நகர ஊழியரின் கையை உறையிலிருந்து விலக்குங்கள். இவற்றை 2027 கோடைக்கு முன் சட்டமாக்குங்கள்.

இப்படிக்கு,
கனெக்டிகட் வாக்காளன் ஒருவன்